வேதத்தைத் திருத்தலாமா?

போன வாரம் அலமாரியைத் தட்டிச் சுத்தம் செய்தபோது கறுப்பு அட்டை போட்ட பழைய பைபிள் ஒன்று கையில் வந்தது. திருநீறு பூசுகிற வீட்டில் இது எப்படி வந்தது என்று பேத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1996-ஆம் வருடம். அரூரில் வேலை. தினமும் தீர்த்தமலையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர் கிறிஸ்தவர். அவர் தாயார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கண் மங்கிவிட்டது. மாலையில் மகன்தான் அவருக்குச் சங்கீதம் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பு வெளிவந்திருந்தது. தமிழ் எளிமையாக இருக்கிறதென்று நண்பர் ஒன்று வாங்கி வந்தார். அன்று நானும் அவர் வீட்டில் இருந்தேன். ஒரு பக்கம் வாசிப்பதற்குள் அந்த அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இதுல கர்த்தர் எங்கப்பா?"

"ஆண்டவர்னு போட்டிருக்காங்கம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்ல. பழசை எடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "கடவுளே சொன்னதுங்கிறீங்க. அப்புறம் அதை எத்தனை தடவைதான் திருத்துவீங்க சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வழக்கம்போல பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டுப் போனார். மறுநாள் ஆபீசில் பேசினோம், டீ குடித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் மத விஷயமே பேசியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தச் சங்கதிகளைத் தேடிப் படிக்க நேரம் கிடைத்தது. நான் விளையாட்டாகக் கேட்ட கேள்வியை இருநூறு வருடத்துக்கு முன்பே தமிழ்க் கிறிஸ்தவர்கள் கண்ணீரோடு கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் அவர்கள் நம்பிக்கை என்ன என்று பார்ப்போம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் வேதத்தைப் பற்றி ஒரு கிரேக்கச் சொல் வருகிறது: தியோப்நியூஸ்டோஸ். 'கடவுளின் மூச்சிலிருந்து வந்தது' என்று பொருள். எழுதியவர்கள் மீனவர், வைத்தியர், ராஜா என்று பலதரப்பட்ட மனிதர்கள். எழுத வைத்தது இறைவனின் ஆவி. இதுதான் சுருக்கம். ஒவ்வொரு சொல்லும் இறைவன் தந்ததே என்பவர்கள் அவர்களில் உண்டு. கருத்து இறைவனுடையது, நடை மனிதனுடையது என்பவர்களும் உண்டு. 1965-இல் ரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவனும் ஆசிரியர், எழுதிய மனிதரும் மெய்யான ஆசிரியர் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது.

இந்த நம்பிக்கையைத் தமிழில் சொல்ல வந்த பாதிரிமார்களுக்கு நம்மிடமே ஒரு சொல் தயாராக இருந்தது: வேதம். மனிதர் இயற்றாதது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதோடு சைவர்கள் சிவன் வாக்காகப் போற்றும் ஆகமத்தையும் சேர்த்து 'வேதாகமம்' என்றார்கள். தெற்கே கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்றும் சர்ச்சை வேதக்கோயில் என்றும் சொல்லும் வழக்கம் உண்டு.

பெயர் கிடைத்துவிட்டது. உள்ளே எந்தத் தமிழ் என்பதில்தான் தகராறு.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1714, 1715-இல் தரங்கம்பாடியிலேயே அச்சானது. அதில் இருந்தது பெரும்பாலும் கடற்கரைப் பேச்சுத் தமிழ். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அதே காலத்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடிக்காரர்களின் தமிழை அவர் கடுமையாகக் கேலி செய்தார். கடவுளின் வாக்கு கொச்சைத் தமிழில் இருக்கலாமா என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

அடுத்து வந்தவர் பப்ரிசியஸ். சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு பல வருடம் உழைத்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வெளியானது. கடவுளுக்கு அவர் போட்ட சொல் 'பராபரன்'. முழங்காலில் நின்று ஜெபித்து ஜெபித்து மொழிபெயர்த்தார் என்று சபைகளில் சொல்லுவார்கள். ஜனங்கள் அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்கள்.

பிறகு பாளையங்கோட்டை ரேனியஸ், மூலத்துக்கு நெருக்கமாகவும் படிக்கச் சுலபமாகவும் இருக்க வேண்டும் என்று அதைத் திருத்த ஆரம்பித்தார். அப்போது தஞ்சாவூரிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும் சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவிஞருமான வேதநாயக சாஸ்திரியாரின் குரல். பழைய சொற்களை மாற்றக் கூடாது என்று எழுத்து மூலமாகவே போராடினார். அவருக்குத் தமிழ் தெரியாமலா? மேடையில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைப் பாடியவர். பாட்டாகவும் ஜெபமாகவும் நாவில் ஊறிப்போன சொல்லை வெறும் இலக்கணத்துக்காகப் பிடுங்கி எறியலாமா என்பதுதான் அவர் வருத்தம். அரூர் அம்மாவின் வருத்தமும் அதேதான்.

அடுத்த கட்டம் யாழ்ப்பாணத்தில். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தம் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணையாக வைத்துக்கொண்டவர் ஒரு இளம் சைவர். பின்னாளில் ஆறுமுக நாவலர் என்று நாம் கொண்டாடுகிறவர். பெர்சிவலோடு சென்னைக்கும் வந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் வெளியானது. ஆனால் பழகிய நடையிலிருந்து மிகவும் விலகிவிட்டது என்று சபைகள் ஏற்கவில்லை. சோதனைப் பதிப்பு என்ற பெயரோடு நின்றுபோயிற்று.

நாவலரோ 1848-லேயே பெர்சிவலை விட்டு விலகிச் சைவப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார். 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். கோயில், பலி, தூபம், தீபம், அபிஷேகம் எல்லாம் உங்கள் வேதத்திலேயே இருக்கின்றனவே, எங்களை மட்டும் ஏன் பழிக்கிறீர்கள் என்று பைபிளைக் கொண்டே திருப்பிக் கேட்டார். அதைக் கடவுள் வாக்கு என்று நம்பாத ஒருவர்தான் அவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார். கேலி செய்ய நினைக்கிறவன் முதலில் படிக்க வேண்டும் என்ற பாடம் எனக்கு அங்கே கிடைத்தது.

கடைசியில் எல்லாச் சபையாரும் சேர்ந்து ஒரு குழு போட்டார்கள். தலைமை ஹென்றி பவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் அதில் இருந்தார். பப்ரிசியஸின் நடையை முடிந்தவரை காப்பாற்றி, வேண்டிய இடத்தில் மட்டும் திருத்தினார்கள். முழு வேதாகமமும் 1871-இல் வந்தது. பராபரன் போய், தேவன் வந்தார். லுத்தரன் சபையார் பலர் அதை ஏற்காமல் பல காலம் பப்ரிசியஸையே வைத்திருந்தார்கள்.

அந்த அம்மா விடாமல் பிடித்துக்கொண்ட 'பழசு' இந்த 1871 திருப்புதல் வழி வந்ததுதான். அவருக்குப் பழசு, பப்ரிசியஸை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது புதுசு.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததா என்றால், இல்லை. கி.பி. 403-இல் அகஸ்டின் என்ற ஆயர், ஜெரோம் என்ற மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்ற ஊர், இன்றைய லிபியாவின் திரிப்போலி. அங்கே கோயிலில் ஜெரோமின் புது மொழிபெயர்ப்பை வாசித்தார்களாம். யோனா என்ற தீர்க்கதரிசிக்கு நிழல் கொடுக்கக் கடவுள் ஒரு செடியை முளைக்க வைத்த கதை. காலங்காலமாகச் சுரைக்கொடி என்று கேட்டவர்களுக்கு அன்று வேறு ஒரு கொடியின் பெயர் காதில் விழுந்தது. ஜனங்கள் கொதித்து எழுந்துவிட்டார்கள். அந்த ஊர் ஆயருக்குச் சபையே இல்லாமல் போய்விடும் நிலை.

நம் தமிழ் வேதாகமத்தில் அது என்ன செடி தெரியுமா? ஆமணக்கு! எபிரேய மூலச் சொல்லுக்கு அதுதான் பொருத்தம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நிலக்கடலைக் காட்டு வரப்பில் ஆமணக்கு போடுகிற நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்த இடம் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

இன்னொன்றும் கவனித்தேன். இயேசு பேசியது அரமேயம். சுவிசேஷங்கள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். ஆக, அவர் வாக்கே அவர்கள் கைக்கு மொழிபெயர்ப்பாகத்தான் வந்திருக்கிறது. மூச்சு ஒன்றுதான்; அதை வாங்கி ஊதுகிற குழல்தான் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டால், திருத்துவதால் நம்பிக்கை குறைவதில்லை. திருத்தியவர்களும் நம்பித்தான் திருத்தினார்கள். தடுத்தவர்களும் நம்பித்தான் தடுத்தார்கள்.

நம் கதையும் இதுதானே? அருணகிரிநாதருக்கு முருகனே முதல் அடி எடுத்துக் கொடுத்தான் என்று நம்புகிறோம். நம் தீர்த்தமலைக்கும் அவர் திருப்புகழ் பாடியிருக்கிறார். ஆனால் அந்தப் பாடல்கள் நம் கைக்கு எப்படி வந்தன? வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து, ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சில் ஏற்றியதால் வந்தன. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் உண்டு. என் அப்பா தீர்த்தமலைப் படியேறும்போது திருப்புகழ் சொல்லிக்கொண்டே ஏறுவார். ஒருமுறை புத்தகத்தைப் பார்த்து, "இந்த வார்த்தை வேற மாதிரி போட்டிருக்குப்பா" என்றேன். "புஸ்தகத்தை மூடுடா" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்தி என்று நினைத்தேன். அரூரில் அதையே இன்னொரு வீட்டில் பார்த்தபோது சிரித்துவிட்டேன்.

நண்பர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அவர் மகன் இந்தப் பைபிளைக் கொண்டுவந்து கொடுத்தான். "பாட்டியோடது மாமா. அப்பா உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாரு" என்றான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

பதிலை அவரிடம் நேரில் சொல்ல முடியாமல் போய்விட்டது. இங்கே எழுதி வைக்கிறேன். திருத்தலாம் சார். ஆனால் அம்மா கேட்டால் பழசைத்தான் வாசிக்க வேண்டும்.