யார் இந்த கேம்ப்பெல் பிரவுன்? ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஸ்டார் நம்ம ஊர் கபடிக்கு வந்தது எப்படி?

வீரசோழன், திருச்சுழி பக்கம் கபடி ஆடத் தெரியாதவரைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். ஆனால் அந்தக் கபடிக்காக ஆஸ்திரேலியாவின் முன்னாள் ஃபுட்பால் வீரர் ஒருவர் இந்தியா வந்து ஆடினார் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் கேம்ப்பெல் பிரவுன்.

ஆஸ்திரேலிய ஃபுட்பால் என்றால் என்ன?

நாம் டிவியில் பார்க்கும் கால்பந்து வேற, இது வேற. மைதானம் கிரிக்கெட் மைதானம் மாதிரி நீள்வட்டமாக இருக்கும். அணிக்கு 18 பேர். முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தியும் கொடுக்கலாம். இரு முனையிலும் தலா நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி.

பிரவுன் சாதித்தது என்ன?

1983-ல் பிறந்தவர். அப்பா மால் பிரவுனும் இதே ஆட்டத்தில் பெயர் எடுத்தவர். 2002 முதல் 2010 வரை ஹாத்தோர்ன் அணி, பிறகு 2013 வரை கோல்ட் கோஸ்ட் அணி என 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். முரட்டுத்தனமான தற்காப்பு ஆட்டக்காரர் என்று பெயர்.

உச்சம் 2008 இறுதிப் போட்டி. மெல்போர்னில் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் ஹாத்தோர்ன் 115-89 என ஜீலாங்கை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது.

சறுக்கல் எங்கே?

2013 இறுதியில் அமெரிக்கா சென்றிருந்தபோது சக வீரர் ஒருவருடன் கைகலப்பு. கோல்ட் கோஸ்ட் அணி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 30 வயதில் ஃபுட்பால் வாழ்க்கை முடிந்தது.

கபடியில் என்ன நடந்தது?

2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைக்கு ஆஸ்திரேலிய அணியில் பிரவுன் வந்தார். உடம்பு பலத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த அணியை இந்தியா 54-20 என ஊதித் தள்ளியது.

காரணம் எளிது. ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலேதான் எதிராளியைப் பிடிக்கலாம். கபடியிலோ பாடி வருபவரின் கணுக்காலைப் பிடிப்பதுதான் கார்னர் ஆட்டக்காரரின் ஆயுதம். பல வருஷப் பழக்கத்தைச் சில வாரத்தில் மாற்ற முடியுமா என்ன?

அதே தொடரில் கோப்பை வென்ற இந்திய அணியில், கார்னரில் பேர் போன நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41!

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

பிரவுனுக்கு இளம் வயதிலேயே சம்பளம் தரும் லீக் காத்திருந்தது. 1975-ல் பிறந்த சேரலாதனுக்கோ, புரோ கபடி லீக் தொடங்கிய 2014-ல் வயது 39. அதுவரை நல்ல கபடி வீரர் என்றால் ரயில்வே, போலீஸ், வங்கி என விளையாட்டு கோட்டா வேலைதான் நம்பிக்கை. நம்மிடம் திறமை எப்போதும் இருந்தது, அதை வைத்துப் பிழைக்க வழிதான் தாமதமாக வந்தது. இன்று நம்ம ஊர் மண்ணில் பாடிப் பழகும் பையனுக்கு அந்த வழி இருக்கிறது.