கான்டன் துறைமுகத்தின் வணிக ஆங்கிலம்

1757 முதல் 1842 வரை மேலைநாட்டாருடனான சீனக் கடல்வணிகம் பெரும்பாலும் கான்டன் துறைமுகத்துக்குள் அடக்கப்பட்டு, அந்நியருக்குச் சீனமொழி கற்பிப்பதும் தடுக்கப்பட்டிருந்ததால், தேயிலைப் பேரம் ‘பிட்ஜின்’ எனப்பட்ட பேச்சில், அதாவது ஆங்கிலச் சொற்களைச் சீன வாக்கிய அமைப்பில் கோத்த கலப்பு மொழியில் நடந்தது. ‘பிசினஸ்’ என்பதன் திரிபே அப்பெயர் என்பர். அத்துணைப் பெரிய வாணிகத்தைத் தாங்கிய மொழியைக் கொச்சையென ஒதுக்குவது நியாயமன்று. எனினும் விலைபேசப் போதிய அது, ஒப்பந்தங்களின் நுட்பத்துக்குப் போதவில்லை. மிஷன் பள்ளியில் முறையான ஆங்கிலம் கற்ற டாங் திங்ஷூ, ஆங்கில ஒலிகளைக் கான்டனீய உச்சரிப்புக்கேற்பச் சீன எழுத்துகளில் குறித்த ஆறு தொகுதி நூலை 1862இல் வெளியிட்டு, மறு ஆண்டே ஜார்டைன் மாத்தேசன் நிறுவனத்தின் ‘கம்ப்ரதோர்’ ஆனார். அந்நிய நிறுவனத்தின் உள்ளூர்க் கொள்முதலையும் பணப்பொறுப்பையும் ஏற்ற முகவரை அச்சொல் குறிக்கும்.