துப்பாத துப்பாக்கி

துப்பு என்றால் வலிமை, அதை ஆக்குவது துப்பாக்கி. இல்லை, குண்டைத் துப்புவதால் துப்பாக்கி. மேடைதோறும் கைதட்டல் வாங்கும் இந்த இரண்டு விளக்கங்களும் ஆந்திரத்து நாயுடுபேட்டைச் சாலைச் சந்திப்பில் ஒரு டீ குடிக்கும் நேரம் தாங்கா. அங்கே தமிழர் வாயில் துப்பாக்கி, பக்கத்து பெஞ்சுக்காரர் வாயில் துபாகி. தெலுங்கில் துப்புவது 'உம்மு'. மேற்கே கன்னடத்திலும் துபாகிதான், துப்புவதோ 'உகுளு'.

தமிழிலிருந்து கடன் போயிருக்கும் என்பார்கள். அப்படியானால் யாழ்ப்பாணத்துத் துவக்கு? மலையாளத்துத் தோக்கு? அவற்றில் துப்பும் இல்லை, ஆக்கியும் இல்லை. பாரசீகத்தில் துஃபங், துருக்கியில் துஃபெக் என்று வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். தமிழ் லெக்சிகன் துருக்கி என்றே குறிக்கிறது. குறள் 12-இல் துப்பு உணவு. வேறிடங்களில் வலிமை, பவளம். இன்றைய போலீஸாருக்குத் தடயம். வெடிமருந்து வாடை எதிலும் இல்லை.

பீரங்கியும் இப்படித்தான்: ஃபிரங்கி, அதாவது ஐரோப்பியன், ஆயுதமாகிவிட்டான்.

இன்னும் பழையதைத் தேடினால், 11-ஆம் நூற்றாண்டுக் காஷ்கரியின் துருக்கி அகராதியில் துஃபெக்கின் முன்னோடிச் சொல், குருவி அடிக்கும் ஊதுகுழல். பிஸ்டல்? செக் மொழியின் 'பீஷ்தலா', ஊதும் குழல். பிஸ்டோயா என்ற இத்தாலிய ஊரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஊர்ப்பெயர் ஒலி ஒத்தால் போதும் என்பவர்களோடு வாதாட நேரமில்லை.

பொருளுக்கு வருவோம். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். ரிவால்வரில் உருளை சுழலும். இதில் உருளையே இல்லை. தோட்டாக்கள் பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, கீழிருந்து ஸ்பிரிங் தள்ளும். சுட்டதும் வெடிப்பின் உந்துதலே மேலுள்ள ஸ்லைடைப் பின்னே தள்ளிக் காலிக்கூட்டை வெளியே எறியும். திரும்பும் ஸ்லைடு அடுத்த தோட்டாவை ஏற்றும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை விரல்தான் இழுக்க வேண்டும். ஆகவே அரைத் தானியங்கி. ·32 போன்ற சிறு தோட்டாவின் உதைப்பைத் தாங்க ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் போதும். தனிப் பூட்டு வேண்டாம். உருளையின் புடைப்பும் இல்லையா, தட்டையாகச் சட்டைக்குள் அடங்கிவிடும்.

இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் உரிமத்தாரருக்குச் செய்து விற்ற ·32 பிஸ்டலின் பெயர் அசனி. வடசொல்தான், ஆனாலும் இடி என்ற பொருளில் தமிழ் அகராதிகளில் நெடுநாளாக இருப்பது. வைத்தவருக்கு நல்ல காது.

கைத்துப்பாக்கி என்பதோ ரிவால்வரையும் பிஸ்டலையும் ஒரே உறையில் திணிக்கிறது. தனிப்பெயர் வேண்டுவோர் குழலிலிருந்து தொடங்கட்டும், துப்பை விட்டுவிடட்டும்.