வீட்டோரத்துப் பனை

நம் சரித்திரத்தில் மரம் வெட்டியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மோகூர்ப் பழையனின் காவல் மரமான வேம்பை வெட்டிச் சேரன் செங்குட்டுவன் முரசு செய்ததைப் பதிற்றுப்பத்து சொல்கிறது. நன்னனின் மாமரத்தைக் கோசர்கள் வீழ்த்திய செய்தி குறுந்தொகையில் இருக்கிறது. 1801-ல் கர்னல் அக்னியூவின் படை மருது சகோதரர்களைத் தேடிக் காளையார்கோவில் காட்டை வெட்டிக்கொண்டே போயிற்று. சிறுவயலிலிருந்து ஒரு மாதம் கோடரி வீசியும் பலனில்லை. அந்தப் பாதையைக் கைவிட்டு, வேறு வழியாக வந்துதான் அக்டோபர் முதல் தேதி கோவிலைப் பிடித்தார்கள்.

இவர்களுக்கெல்லாம் ஒரு சௌகரியம் இருந்தது. வெட்டிய மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் நஷ்டம் எதிரிக்குத்தான்! தன் வீட்டுக் கூரைக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தைச் சாய்க்கிறவன் நிலைமை அப்படியா? மன்னனுக்கும் கர்னலுக்கும் இல்லாத கவலை அவனுக்கு உண்டு. ஆனால் அவனைப் பற்றி எந்தப் புலவரும் பாடவில்லை.

இராமேசுவரம் தீவிலும் எதிர்க்கரையிலும் வீட்டோரத்து மரம் என்றால் பெரும்பாலும் பனைதான். அறுபது எழுபது அடி வளர்ந்த பனை எத்தனை தூரத்துக்கு விழும் என்பதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. வீடு முப்பதடியில் இருந்தால் போதும், வயிற்றில் புளி கரைக்கும். வேப்பமரமானால் கிளை கிளையாகக் கழித்துக்கொண்டே வரலாம். பனைக்குக் கிளை ஏது? தலைப்பாரம் முழுவதும் உச்சியில்.

ஆகவே வேலை உச்சியிலிருந்து தொடங்குகிறது. தளைநாரைக் காலில் மாட்டி ஒருவர் ஏறி, ஓலையையும் குலையையும் கழித்துவிடுவார். பாரம் குறைகிறது என்பது மட்டுமல்ல. காற்றுக்குப் பிடிப்பில்லாமல் போகிறது. தனுஷ்கோடிப் பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். வாடை ஒரு பக்கம் தள்ளும், கச்சான் இன்னொரு பக்கம். அதனால் கடற்காற்று எழுவதற்கு முன்னே, விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டில் இருப்பவர்களை, ஆட்டுக்குட்டி உட்பட, முதலில் வெளியேற்றிவிட வேண்டும்.

உயரத்தில் கட்டிய வடத்தை, விழ வேண்டிய திசையில், மரத்தின் நீளத்துக்கும் அப்பால் நின்று பிடிக்கிறார்கள். அந்தப் பக்கத்து அடிமரத்தில் முதலில் ஒரு வாய் வெட்டுகிறார்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில், சற்று மேலே வெட்டு. இரண்டும் சந்தித்துவிடக் கூடாது. நடுவே விடும் கட்டைதான் மரத்தைக் கதவின் கீல் போலத் திருப்பிச் சாய்க்கிறது. பனையில் இங்கேதான் சூட்சுமம். அதற்கு வைரம் வெளியில், சோறு உள்ளே. ஆகையால் நடுவில் கட்டை இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. இரு ஓரத்து வைரத்தையும் சமமாக விட்டுவைக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகத் தின்றுவிட்டால் மரம் முறுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பும். இடமே இல்லாவிட்டால் உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து வடத்தில் இறக்க வேண்டியதுதான். கூலி கூடுதல்தான், கூரையைவிடக் குறைவு.

இத்தனை யோசனையும் மனிதன் சாய்க்கும்போதுதான். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயல் யாரையும் கேட்கவில்லை. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலை அலை கொண்டுபோயிற்று. தனுஷ்கோடி குடியிருக்கத் தகுதியற்ற ஊர் என்று சர்க்கார் அறிவித்தது. ஆயினும் மீனவர்கள் திரும்பி வந்து அதே மணலில் குடிசை போட்டார்கள்.

வீட்டுக்குப் பயம் என்று பனையை வெட்டச் சொல்பவரைக் கண்டால் எனக்கு உடனே தலையசைக்கத் தோன்றுவதில்லை. சாய்ந்து நிற்கிறதா, அடி உளுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். பனை நம் மாநில மரம். 2021-ல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், தவிர்க்க முடியாமல் பனையை வெட்டுவதானால் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. தடையைக் குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. மனு எழுதும் நேரத்திலாவது அந்த மரத்தை இன்னொரு முறை அண்ணாந்து பார்ப்பார்கள் அல்லவா?

அப்படியும் விழுந்த பனை வீணாவதில்லை. அடிமரத்தை ஆப்பு வைத்துப் பிளந்தால் பனங்கை. உச்சியில் கழித்த ஓலை, அடுத்த வாடைக்கு முன்னே அதே வீட்டின் கூரைக்கு ஏறிவிடுகிறது.