கியர் பெட்டி மீது விழுந்த பழி

தலைவலிக்குக் கண்ணில் உள்ள குறை காரணமாக இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். வலிக்கும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறு. மோட்டார் வண்டிகளிலும் இப்படிப்பட்ட மயக்கம் உண்டு. அமெரிக்காவில் பெட்ரோலில் ஓடும் சிறு லாரிகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் சீராகப் போகும்போது, சிறு மேட்டில் ஏறியவுடன் வண்டி உதறுகிறது. கியர் பெட்டி கெட்டுவிட்டது என்று ஓட்டுநர் முடிவு கட்டுகிறார். பெரும் பொருட்செலவில் அதைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். வண்டி முன்போலவே உதறுகிறது! உண்மையில் எஞ்சினில் ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டுப்போகிறது. இதைத்தான் நம் பட்டறைக்காரர்கள் 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

இந்த மயக்கம் எப்படி வந்தது? அதை அறிய ஒரு கப்பல் கட்டும் துறைக்குச் செல்ல வேண்டும். ஸ்டெட்டின் நகரில் பணிபுரிந்த ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், கப்பலின் நீராவிச் சுழலியையும் உந்துவிசிறியையும் ஒரு திரவத்தின் வழியாக இணைக்கும் கருவிக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே தானியங்கிக் கியர் வண்டிகளில் உள்ள டார்க் கன்வெர்ட்டர். எஞ்சின் எண்ணெயைச் சுழற்றுகிறது. எண்ணெய் கியர் பெட்டியைச் சுழற்றுகிறது. இடையில் இரும்போடு இரும்பு தொடுவதில்லை. ஆகவே எஞ்சினின் அதிர்ச்சிகளை எண்ணெய் விழுங்கிவிடும். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எண்ணெய் வீணே சூடாவதில் எரிபொருள் கரைகிறது.

1949-இல் பேக்கார்டு நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. வண்டி வேகம் பிடித்தபின், கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினை நேராகக் கியர் பெட்டியோடு இணைத்துவிடும். பெட்ரோல் மலிவாக இருந்த நாளில் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-இல் அமெரிக்க அரசு எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. 1978-ஆம் ஆண்டு மாதிரிகளில் கிரைஸ்லர் பூட்டும் கன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தனர்.

இங்குதான் கதை திரும்புகிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. அதாவது 100 எரிப்பு. ஒரு சிலிண்டரின் பங்கு பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. அந்தச் சிலிண்டர் விட்டுப்போனால், நொடிக்குப் பன்னிரண்டு முறை தள்ளு விசையில் ஒரு பள்ளம் விழுகிறது. கன்வெர்ட்டர் பூட்டாதபோது அந்தப் பள்ளங்களைப் பெருமளவு எண்ணெய் தூர்த்துவிடும். பூட்டியபின் அவை அப்படியே சக்கரம் வரை போகும். பூட்டும் அந்தக் கணத்திலேயே உதறல் தொடங்குவதால், பூட்டிய கிளட்சையே எவரும் சந்தேகிப்பார்கள் அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. வளியில் மின்பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், வளியின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது என்று ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் காட்டினார். வண்டி மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். சிலிண்டரில் காற்று அதிகம் நிறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளியும் அகன்றிருந்தால் தேவை இன்னும் கூடும். காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும். மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் குறுக்கு வழியில் எஞ்சின் உலோகத்துக்குத் தாவிவிடும். நின்ற நிலையில் இதே எஞ்சின் இழைத்தாற்போல் ஓடிக்காட்டும்!

பிரேக்கை இலேசாகத் தொட்டுப் பார் என்பது பழைய சோதனை. தொட்டவுடன் கன்வெர்ட்டரின் பூட்டு விடுபடும், உதறலும் நிற்கும். கிளட்ச்தான் கள்ளன் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பூட்டு விடுபட்டால் எஞ்சினின் உதறலும் எண்ணெயில் அடங்கிப்போகுமே! ஓவர்டிரைவை அணைத்துப் பார்ப்பதும் இதேபோல் ஏமாற்றும். அப்போது எஞ்சின் வேகம் ஏறிச் சுமை குறைவதால் மிஸ்ஸிங் தானே மறையலாம்.

நம்பத்தக்க சாட்சி வேறு. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களும் சிறு லாரிகளும் எரிப்புத் தவறுகளைத் தாமே கண்காணிக்க வேண்டும் என்று விதி வந்தது. வணரித்தண்டோடு சுழலும் பற்சக்கரத்தை ஒரு உணர்கருவி கவனிக்கிறது. எரிப்பு தவறினால் அடுத்த பல் வந்துசேர நூலிழை தாமதமாகும். எந்தச் சிலிண்டரின் முறையில் தாமதம் என்பதைக் கணிப்பொறி குறித்துக்கொள்ளும். P0301 என்றால் முதல் சிலிண்டர், P0302 என்றால் இரண்டாவது. தவறுகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டாதவரை எச்சரிக்கை விளக்கு எரியாது. விளக்கு எரியவில்லை, ஆகவே எஞ்சின் நலம் என்று பலர் கருதுவது இதனால்தான்.

கரடுமுரடான சாலையில் சக்கரம் குதித்தாலும் அதே பற்சக்கரம் தடுமாறும். அதை எரிப்புத் தவறு என்று எண்ணிவிடாதிருக்க, அத்தகைய சாலையில் கணக்கெடுப்பை நிறுத்திவைக்கவும் பொறியாளர்கள் ஏற்பாடு செய்தனர். மனிதன் மயங்கும் இடத்தில் கருவியும் எதிர்த்திசையில் மயங்குகிறது, பாருங்கள்.

இனி இரண்டு அளவுகளைச் சேர்த்துப் படித்தால் போதும். கன்வெர்ட்டரின் கிளட்ச் வழுக்கினால், எஞ்சினின் சுற்று வேகமும் கியர் பெட்டிக்குள் நுழையும் வேகமும் உதறலின்போது ஒன்றோடொன்று பொருந்தாமல் ஏறி இறங்கும். இரண்டும் ஒட்டியபடியே இருக்க, ஒரு சிலிண்டரின் தவறு எண்ணிக்கை மட்டும் ஏறினால் கியர் பெட்டியைத் தொட வேண்டாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினாக இருந்தால், சந்தேகத்துக்குரிய காயிலைக் கழற்றி வேறொரு சிலிண்டரில் மாட்டி, அதே மேட்டில் மீண்டும் ஏற்றிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை புதிய சிலிண்டருக்குக் குடிபெயர்ந்தால் காயில் பிடிபட்டது. பழைய இடத்திலேயே நின்றால் அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும்.