விளையா, விலையா? டீன் ஏஜ் பசங்களுக்கு ல, ள, ழ சொல்லித்தர ஈஸி வழிகள்

பள்ளி மேடையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை 'தமிழ்' என்பதை 'தமிள்' என்று சொன்னால், கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும். அடுத்த முறை அந்தப் பிள்ளை மேடைப் பக்கமே வராது. அந்த வயசில் கேலி அவ்வளவு வலிக்கும். "ஒழுங்கா சொல்லு" என்று அதட்டுவதைவிட, நாக்கு எங்கே போகணும்னு காட்டிக்கொடுப்பதுதான் பலன் தரும்.

இது புது டெக்னிக் இல்லை. எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொடணும், எங்கே வருடணும்னு விளக்க, தொல்காப்பியத்தில் 'பிறப்பியல்' என்று தனி இயலே இருக்கு. அந்த நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. அவர் ஊர் குமரி மாவட்டம் குழித்துறை பக்கத்திலிருக்கும் அதங்கோடுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

முதலில் காது

வலி, வளி, வழி. மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்க. எதைச் சொன்னீங்கன்னு பிள்ளை விரல் காட்டட்டும்: ல-வுக்கு ஒன்று, ள-வுக்கு இரண்டு, ழ-வுக்கு மூன்று. காதுக்கு வித்தியாசம் பிடிபடாமல் வாயில் வராது.

பிறகு நாக்கு

ல: நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் தொடும்.

ள: நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும்.

ழ: அதே மாதிரி வளையும், ஆனா, அண்ணத்தைத் தொடாது. அமெரிக்கர்கள் 'கார்' என்னும்போது கடைசியில் வரும் ஒலி இதற்கு ரொம்ப நெருக்கம். ஹாலிவுட் படம் பார்க்கும் பசங்க சட்டுனு பிடிச்சுப்பாங்க.

பஸ் போர்டே பாடப்புத்தகம்

கல்குளம், குளச்சல், தோவாளை, குழித்துறை என்று நம்ம ஊர்ப்பெயர்களையே வாசிக்கச் சொல்லுங்க. களியக்காவிளையில் 'ள' நழுவினா, விளை 'விலை' ஆகிடும். ஃபைனல் ரவுண்டுக்கு ஆரல்வாய்மொழி. ர, ல, ழ மூணும் அதில் இருக்கு.

தினம் அஞ்சு நிமிஷம் போதும். வாசிப்பதை மொபைலில் ரெக்கார்டு பண்ணி, போன வாரக் குரலோடு பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஃபேமிலி குரூப்பில் மட்டும் போட்டுடாதீங்க.

வீட்டுப் பேச்சைத் திருத்தவும் வேண்டாம். பாட்டியோடு பேசும் வட்டார வழக்கு பிழை இல்லை. மேடையிலும் வாசிப்பிலும் மாற்றிப் பேசத் தெரிஞ்சா போதும். பயிற்சிக்குப் பிறகும் பிள்ளைக்கு ஒலி வித்தியாசமே கேட்கலைன்னா, ஈ.என்.டி டாக்டரிடம் ஒருமுறை காட்டிடுங்க.

ஒரு எழுத்து கொஞ்சம் லேட்டா வந்தாலும் பரவாயில்லை. பிள்ளை பேசுறதை நிறுத்திடக் கூடாது.