இசைத்தட்டை இயக்குவோர் இசைக்கலைஞரா?

இக்காலத்தில் கல்முனைப் பகுதிக் கொண்டாட்டங்களிலும் 'டீஜே' எனப்படுவோர் இடம்பிடித்து விட்டனர். பிறர் பாடிய பாட்டைப் போடுகிறவனுக்குக் கலைஞன் என்ற பட்டமா என்று பெரியோர் கேட்கின்றனர். அவரும் வாசிக்கிறார்தானே என்கின்றனர் இளைஞர். இவ்வழக்கிலே நாம் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நம் நாட்டு வானொலியே இசைத்தட்டில்தான் பிறந்தது. 1923 ஆம் ஆண்டில் எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து சோதனையாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையையே. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியபின், எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலுக்காகத் தமிழகமும் காத்திருந்தது. அப்புகழ் வாத்தியத்தால் வந்ததன்று. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, இடையில் என்ன சொல் என்பதே அங்கு வித்தை. அதனை உயர்ந்த இரசனை என்போம். இசைவாசிப்பு எனத் துணியோம்.

ஆனால் 1973 ஆகஸ்ட் 11 இல் நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில் நிகழ்ந்தது வேறு. ஜமெய்க்காவிற் பிறந்த கிளைவ் காம்பெல், 'கூல் ஹேர்க்' என்ற பெயருடன், தம் சகோதரி நடத்திய விருந்தில் இசைத்தட்டுப் போட்டார். பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளிலேதான் கூட்டம் துள்ளியாடுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு கருவிகளில் வைத்து, ஒன்றில் அத்தாளம் முடியுமுன் மற்றதைத் தொடங்கி, விநாடிகளை நிமிடங்களாக நீட்டினார். நம் கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி விடுவதை இங்கே நினைத்துக் கொள்ளலாம். பின்வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தட்டின்மேல் கிரயோனால் அடையாளமிட்டு, விரலாற் பின்னுக்குச் சுழற்றி, தாளம் பிசகாமல் இணைத்தார். கிராண்ட் விஸார்ட் தியடோர் தட்டை முன்னும் பின்னும் தேய்த்து, அந்தக் கீறல் ஒலியையே தாளமாக்கினார். பழகாத கைக்கு இவை வாரா. 2019 இல் சுவீடனின் போலார் இசைப்பரிசு ஃபிளாஷுக்கும், வயலின் மேதை ஆன்-சோஃபி முட்டருக்கும் ஒரே ஆண்டிற் கிடைத்தது.

"அது வாத்தியமே அன்று" என்பாருக்கு ஆர்மோனியத்தின் கதையைச் சொல்வோம். கமகம் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940 இல் அதனை விலக்கியது. 1971 வரை அத்தடை நீடித்தது. அந்நாளிலும் நாடக மேடையில் ஆர்மோனியக்காரருக்கு மதிப்புக் குறையவில்லை!

ஜேர்மனியில் இவ்வழக்கு நீதிமன்றமே ஏறியது. கச்சேரி நுழைவுச்சீட்டுக்கு வரி 7 வீதம். வெறும் களியாட்டத்துக்கு 19 வீதம். டீஜேக்கள் பிறர் இசையைக் கொண்டு புதிய ஒலியமைப்பை உண்டாக்குகின்றனர், அவர்தம் கருவிகள் வாத்தியங்கள் போலவே பயன்படுகின்றன என்று கண்டு, 2020 இல் அந்நாட்டு உச்ச வரி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

காது செவிடாகிறதே என்ற முறைப்பாடு நியாயமானதே. ஆயினும் கூம்பு ஒலிபெருக்கியில் விட்டால் நாதஸ்வரமும் அப்படித்தான். அது வேறு வழக்கு.

எனவே, கையால் தாளத்தை வெட்டி ஒட்டிப் புதிதாய் ஒன்றைப் படைப்பவரின் பெயரை விழா அழைப்பிதழில் தவிற்காரர் பெயருக்கு அருகே அச்சிடுவதில் நமக்குத் தடையில்லை. பாட்டுகளை வரிசையாய் ஓடவிட்டுக் கைகட்டி நிற்பவருக்கு, 'ஒலியமைப்பு' என்ற கடைசி வரி போதும்.